அம்பு ஒட்ட இடமில்லாத கேள்வி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அத்தை வேலை செய்யும் பனியன் கம்பெனியில், செக்கிங் மேசைப் பெண்களில் ஒருவரைத் தரம் பார்க்கும் ஆடிட்டராக எடுக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். எழுத்துத் தேர்வு உண்டு. தமிழில்தான்.

2. அத்தை அதை வீட்டில் சொல்லவில்லை.

3. ஒரு சனிக்கிழமை, கழுவுவதற்காக அவருடைய சாப்பாட்டுப் பையை எடுத்தேன். அடியில் நான்காக மடித்த மாதிரி வினாத்தாள் இருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, இருந்தபடியே மடித்து வைத்தேன்.

4. இரண்டு நாள் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

5. மூன்றாம் நாள் காலை அத்தையே தாளைக் கொண்டுவந்தார். விடைகளைக் குறித்திருந்தார். "கண்ணு, இதச் சித்த பாத்துச் சொல்றயா? அவங்கிட்டச் சொல்லிப்போடாத, கிண்டல் பண்ணுவான்" என்றார்.

6. பார்த்தேன். பத்துக்குப் பூஜ்யம்.

7. அதை அவரிடம் சொல்லவில்லை. "வேலைக்குக் கொண்டுபோய் நிதானமாப் பாக்கறனுங்க அத்தை" என்று சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தை என்பது என் மாமியார். கிண்டல் பண்ணுவான் என்று அவர் சொன்னது தன் மகனை, என் கணவரை. மடத்துக்குளத்திலிருந்து கல்யாணமாகித் திருமுருகன்பூண்டிக்கு வந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். வீட்டில் இருக்கிற நேரத்திலும் பாதி நேரம் போனில் இருப்பார். நான் டெக்ஸ்டைல் படித்துவிட்டு ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறேன். துணி எவ்வளவு சுருங்குகிறது, சாயம் எவ்வளவு இறங்குகிறது, தேய்த்தால் ஒட்டுகிறதா என்று சோதித்து, எண்ணாக எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு துணி தேறவில்லை என்றால் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்குத் தயக்கமே வந்ததில்லை. ஆனால் அந்த ஏழு மாதத்தில் ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்றுகூட அத்தையிடம் நான் சொன்னதில்லை. அவரும் என்னிடம் குறை என்று எதுவும் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மிகவும் ஜாக்கிரதையாகக் கையாண்டுகொண்டிருந்தோம்.

ஆடிட்டர் வேலை அவருக்கு எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. செக்கிங் என்பது நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்துக்குக் கீழே விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடமாகப் பார்த்து வருகிறார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கணுக்காலில் வார் பதிந்த தடம் பள்ளமாக நிற்கும். கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாக இருக்கும். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆடிட்டர் என்றால் முடிந்த லாட்டிலிருந்து சில பீஸ்களை எடுத்து, அளந்து, அறிக்கை எழுத வேண்டும். அதற்கு ஒரு நாற்காலி உண்டு. அத்தைக்கு வேண்டியது அந்த நாற்காலி.

அப்படிப்பட்டவரிடம் பூஜ்யம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் லேபில், சுருக்கச் சோதனைக்காகத் துணி மெஷினில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். என்னென்ன வகைத் தவறு என்று ஒரு பட்டியல் போட்டால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பத்தியைப் படித்து விடை சொல்கிற தேர்வு அது; கம்பெனி வரவழைத்த பயிற்சியாளர்கள் அறிவியல் பத்திகளாக எடுத்திருந்தார்கள். முதல் பத்தி, ஈரத்துணி ஏன் கருமையாகத் தெரிகிறது என்பது. இரண்டாவது, பருத்தித் துணி ஏன் சுருங்குகிறது என்பது. பத்திக்கு ஐந்து கேள்வி, கேள்விக்கு நான்கு விடை. அத்தை ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகளில் குறி போட்டிருந்தார். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் என்பதே அவருக்குப் புரியவில்லை என்றுதான் முந்தின நாள் முடிவு கட்டியிருந்தேன்.

இப்போது பார்த்தால் அவை டிக் இல்லை. பேனாவால் வரைந்த சின்னச் சின்ன அம்புகள். ஒவ்வொன்றும் ஒரு விடையைச் சுட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் கேள்வியிலும் சரியாக மூன்று. குறி இல்லாமல் விட்ட நான்காவதை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். பத்தில் எட்டு சரி.

ஒரு செக்கர் நல்ல பீஸில் குறி போடுவதில்லை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குவார். நல்ல பீஸ் எந்த அடையாளமும் இல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியும். ஆடிட் அறைகளில் அம்பு ஒட்டிய பீஸ்களைக் குவியல் குவியலாகப் பார்த்திருக்கிறேன். தெரிந்திருந்தும், ஒரு தாளைச் சரியாகப் படிக்காமல் பூஜ்யம் போட்டது நான்தான்.

அடுத்த நாள் காலை, பக்கத்துச் சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்னால், சமையலறையில் அத்தையிடம் சொன்னேன்.

"அத்தை, அந்தத் தாள்ல நானொண்ணு உங்ககிட்ட மறச்சுட்டனுங்க."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பெயிலுதானே? உன்ற மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன் கண்ணு."

"இல்லீங்க. பத்துல எட்டு செரிங்க. நான்தான் பூஜ்யம் போட்டுட்டேன்."

இப்போது நிமிர்ந்தார். "எட்டு செரின்னா பூஜ்யம் எப்படி வரும்?"

"செரியான விடைக்குத்தானுங்க குறி போடோணும். நீங்க தப்பான விடைக்கெல்லாம் போட்டிருக்கறீங்க."

அத்தை துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "நல்லதுக்கு எதுக்குக் கண்ணு குறி? அதுதான் நல்லாருக்குதே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் முன்னால் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் சிரித்தார், தேங்காய் மூடி கையிலிருந்து உருண்டு போகிற அளவுக்கு.

அன்றிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம். குறி போடுகிற விஷயம் ஒரே நாளில் சரியாகிவிட்டது. மீதி இரண்டு தவறுதான் பாடுபடுத்தியது. ஈரத்துணி ஏன் கருமையாகத் தெரிகிறது என்பதற்கு, சாயம் கரைந்து மேலே வருவதால் என்ற விடையை நல்ல பீஸாக விட்டிருந்தார்.

"அதுல என்ன தப்பு? நனஞ்சா சாயம் எறங்காதா? நீயே தெனமும் அதத்தானே பாக்கறே?"

"எறங்குமுங்க. ஆனா பத்தியில அது இல்லீங்களே. நூலுக்கு நடுவுல இருக்கற எடத்துல தண்ணி நெறஞ்சுக்குது, அதனால கண்ணுக்குத் திரும்பி வர்ற வெளிச்சம் கொறையுதுன்னு போட்டிருக்குதுங்க."

"பத்தியில இல்லாட்டிப் போவுது. ஊருல இருக்குதே!"

எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் இப்படித்தான். வியர்வை பற்றிய பத்தி என்றால் கோடையில் மின்விசிறி நின்றுபோன நாளிலிருந்து விடை சொல்வார். தேனீ பற்றிய பத்தி என்றால் அவர் பிறந்த வீட்டு முருங்கை மரத்திலிருந்து சொல்வார். சொல்வது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அந்தத் தாளில் மட்டும் இருக்காது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் பையில் மிச்சமான அம்பு ஸ்டிக்கர் அட்டைகள் எப்போதும் கிடக்கும். ஓர் அட்டையை எடுத்து விதி சொன்னேன். கேள்விக்கு ஒரு அம்பு. விடை பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியில் அதை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகுதான் விடையைக் குறிக்க வேண்டும். "அம்பு ஒட்ட எடமில்லாத விடையத் தொடவே தொடாதீங்க அத்தை" என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போனது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

அது உடனே வேலை செய்தது. குறை தேடிப் பழகிய கண்கள் இப்போது வரி தேடின. ஆள்காட்டி விரலைத் தையல்மேல் ஓட்டுவதுபோல வரிமேல் ஓட்டுவார், சட்டென்று நிறுத்துவார், அம்பை ஒட்டுவார். ஒரு பத்திக்கு நான் எடுக்கிற நேரத்தைவிடக் குறைவாக எடுக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்துவிட்டார். "என்னங்மா, பேப்பர் பூரா அம்பா இருக்குது? லாட்டே ரிஜெக்ட் ஆயிருச்சா?"

"உன்ற வாய்க்குத்தான் மொதல்ல ஒண்ணு ஒட்டோணும். போய் அந்தப் போனக் கட்டிக்கிட்டு அழு போ" என்றார் அத்தை. அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை என்று தாள்கள் கூடத்திலேயே கிடந்தன. என் கணவர் கேலி செய்துகொண்டே, தன் கம்பெனிப் பிரின்டரில் புதிய பத்திகள் எடுத்துவந்து தந்தார்.

சுருக்கத்தைப் பற்றிய பத்தியில்தான் பெரிய தகராறு. பருத்தித் துணி முதல் சலவையிலேயே முழுவதும் சுருங்கிவிடும், அதற்குப் பிறகு சுருங்காது என்று அதில் இருந்தது. அந்தக் கேள்வியை அத்தை மறுபடி மறுபடி தவறாகவே போட்டார்.

"இத எழுதுனவரு ஒரு பனியனக்கூட மூணு தடவ தொவச்சிருக்க மாட்டாராட்ட இருக்குது" என்றார்.

பனியன் துணியைப் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் சரி. எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரியும். இருந்தாலும் லேபில் மூன்று சலவைச் சோதனை முடிந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்து, டேப்பையும் கொடுத்தேன். ஐம்பது சென்டிமீட்டராகக் கோடு போட்ட துண்டு. முதல் சலவைக்குப் பின் நாற்பத்தெட்டு என்று ஓரத்தில் நான் எழுதியிருந்தேன். மூன்று சலவைக்குப் பிறகு அத்தை அளந்தபோது நாற்பத்தேழரை.

"பாத்தியா!" என்று துண்டைத் தூக்கிக் காட்டினார். பிறகு முகம் மாறியது. "அப்ப பொய்யிக்குத்தான் மார்க்குப் போடுவாங்களா கண்ணு?"

"அது நெசமான்னு அவங்க கேக்கறதில்லைங்க அத்தை. பத்தி என்ன சொல்லுதுன்னுதான் கேக்கறாங்க" என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டினார். "துணி வாங்கற பையர் குடுக்கற அளவுச் சீட்டு மாதிரியா? பனியன்ல கை குட்டையா, பாக்கவே அசிங்கமா இருக்கும். ஆனாச் சீட்டுல அந்த அளவுதான் போட்டிருப்பான். பாஸ் பண்ணித்தான் ஆவோணும்."

"அதேதானுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நாலு நாள் மிச்சமாயிருக்குமே சாமி" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பத்தியோடும் அவர் சண்டை போடவில்லை. "இவரு சீட்டு இப்படி" என்று சொல்லிவிட்டு அம்பை ஒட்டிவிடுவார்.

தேர்வு ஒரு வியாழக்கிழமை, கம்பெனி கேன்டீனில் நடந்தது. நான்கு பத்தி, இருபது கேள்வி. தேர்வுத்தாளில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்பதால், நகத்தால் வரியின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தோம். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "நல்லாப் பண்ணியிருக்கறேன் கண்ணு. ஒரு பத்தி எங்களப் பத்தியே வந்துச்சு. ஒரே நெறத்தப் பாத்துக்கிட்டே இருந்தாக் கண்ணு சோந்துபோயி, வேற நெறத்தத் தப்பாக் காட்டுமாம். நாங்க செவப்பு லாட் ஓட்டுனா வெள்ள பீசு பச்சையடிக்குமே, அது."

"இருபதும் போட்டீங்களா அத்தை?"

"பதினாறு போட்டேன். நாலு டவுட்டு. தனியா வெச்சுட்டேன்."

தனியாக வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். செக்கிங் மேசையில் நல்லது, குறை என்று இரண்டு மட்டுமல்ல, மூன்றாவது ஒன்றும் உண்டு. தீர்மானிக்க முடியாத பீஸ்களை ஒரு தனிக் கூடையில் போட்டுவைப்பார்கள். மணிக்கொரு தடவை சூப்பர்வைசர் வந்து, கூடையைப் பார்த்து, அவரவரிடம் கேட்டு முடிவு சொல்வார். அத்தை தாளைக் கொடுக்கும்போது ஹெச்.ஆர். பெண்ணிடம், "இந்த நாலும் டவுட்டுங் மேடம், தனியா விட்டிருக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் "சரிங்கம்மா" என்று வாங்கி அடுக்கிவிட்டார்.

"எந்த நாலுங்க?"

"ஒவ்வொரு பத்திக்கும் கடைசியா ஒண்ணு. இதுக்குப் பொருத்தமான தலைப்பு எதுன்னு. எல்லா வரியும் பாத்துட்டேன் கண்ணு. அம்பு ஒட்ட எடமே இல்ல."

தலைப்பு ஒரு வரியில் இருக்காது. பத்தி முழுக்க இருக்கும். மாதிரித் தாளில் தலைப்புக் கேள்வி இல்லை, என் கணவர் எடுத்துவந்தவற்றிலும் இல்லை. என் விதியில் அதற்கு இடமில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கண் பத்திக்கு என்னென்ன தலைப்புக் கொடுத்திருந்தார்கள் என்று கேட்டேன். நான்கையும் வரிசையாகச் சொன்னார். "இதுல எதுங்க அத்தை உங்களுக்குப் பட்டுது?"

"'கண்ணும் களைப்படையும்'கறதுதான். வேற எது வரும்? மத்ததெல்லாம் ஒரு ஓரத்தத்தான் புடிக்குது."

மற்ற மூன்று பத்திகளுக்கும் கேட்டேன். மூன்றையும் சரியாகச் சொன்னார்.

இந்தத் தடவை நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. சுவரில் இருந்த காலண்டர் தாளைக் காட்டிச் சொன்னேன். "அத்தை, அந்த நாலும் உங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க. நான் சொன்ன விதிதான் தப்பு. தலைப்புக் கேள்விக்கு அம்பு எடம் இருக்காதுங்க. அத நான் யோசிக்கல. தப்பு என்னுதுங்க."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொரு செருப்பாகக் கழற்றினார். கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பிறகு பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்து, ஒரு சிவப்பு அம்பை உரித்து, என் சுடிதார்க் கையில் அழுத்தி ஒட்டினார்.

"ஒரு குறை" என்றார். "மத்தபடி நல்ல பீசு."

நான் அழுதுவிட்டேன். "அட, என்ன சாமி இது, ஒரு ஸ்டிக்கருக்கா?" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. தொட்ட பதினாறும் சரி, பதினாறு மார்க். அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற தேனிப் பக்கத்துப் பெண்ணுக்குப் பதினேழு. வேலை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, அந்தத் தலைப்பையெல்லாம் ஏன்க்கா சும்மா விட்டீக? நான் ஒரு எழவும் தெரியாம, மனசுல பட்டதத்தேன் போட்டு வச்சேன்."

"நீ எப்பவுமே டவுட்டு பீசையும் சேத்து அனுப்பறவதானே. உள்ள வா. கால் வலிக்க வெளிய நிக்காதே, நீ இப்ப நாற்காலிக்காரி" என்றார் அத்தை. அந்தப் பெண் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது சொன்னாள்: "ரெண்டாவது யூனிட்டுக்கும் ஒரு ஆள் எடுப்பாகளாம்க்கா. நோட்டீஸ் ஒட்டுனா நானே வந்து சொல்றேன்."

இப்போதைய நிலை: அத்தை இன்னும் செக்கிங் மேசையில் நின்றுதான் வேலை செய்கிறார். சாயங்காலம் கால் வீங்குகிறது. தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். இரண்டாவது யூனிட்டுக்கு அறிவிப்பு இன்னும் ஒட்டவில்லை. காலண்டர் தாளில் என் விதியை அவரே அடித்துவிட்டு, "தலைப்புக்கு அம்பு தேவையில்லை" என்று கீழே எழுதியிருக்கிறார். தலைப்புக் கேள்விகள் மட்டும் இதுவரை முப்பத்தாறு போட்டிருக்கிறோம். முப்பத்து மூன்று சரி. போன வாரம் ரசத்தில் உப்புக் கூடியிருந்தது, சொன்னேன்.